காக்கை கொண்டுவந்த சேதி

வேலங்குட்டையில் பூவாயி என்றொரு நாரை ஒற்றையாகக் கிடந்தாள். இறக்கையில் அடி. குட்டை மீன் ஒரு வயிற்றுக்குத்தான் காணும் என்பதால் கூட்டம் வேறு தண்ணீர் தேடிப் போய்விட்டது. அவள் துணை நெட்டையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

பொழுது சாய்ந்தால் போதும், பூவாயி வானத்தைப் பார்த்து அலகைத் தடதடவென்று தட்டுவாள். பாவம், பதில் வராது.

இதைக் கவனித்தது மூக்காண்டி என்ற காக்கை. மீன் பிடிக்கத் துப்பில்லாத பயல்!

"அக்கா! உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன்!"

"ஐயோ, நிஜமாவா தம்பி? எப்படி இருக்கார்?"

"சொல்றேன், சொல்றேன். பசி கண்ணை அடைக்குதே!"

பூவாயி கெண்டை மீனை எடுத்துக் கொடுத்தாள். தினமும் ஒரு சேதி, தினமும் ஒரு மீன். காக்கை கொழுத்தது, அவள் இளைத்தாள். ஆனாலும் அந்தப் பேரைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை!

இறக்கை ஆறியது. "பறந்து பார்க்கட்டுமா?" என்றாள்.

"வேண்டவே வேண்டாம்! அவரே வந்து கூட்டிட்டுப் போறாராம். நேற்றுகூட மரத்து உச்சியில் நின்று, 'பூவாயீ'ன்னு தொண்டை கிழியக் கூவினார்!"

பூவாயி கொடுக்கப்போன மீனைக் கீழே வைத்தாள்.

"கூவினாரா? பக்கத்தில் இருந்தால் முணுமுணுப்போம். உரக்கக் கூவ எங்க இனத்துக்குத் தொண்டையே கிடையாது, தம்பி. அலகைத் தட்டித்தான் கூப்பிடுவோம்!"

காக்கை திருதிருவென்று விழித்தது.

பூவாயி எம்பினாள். இறக்கை வலித்தது, தாங்கியது. இரண்டே மேடு தாண்டினாள். பெரிய ஏரிக்கரை மருதமரத்திலிருந்து தடதடவென்று ஒரு சத்தம்! அங்கே நெட்டையன், அவளைப் போலவே எலும்பும் தோலுமாக.

"யாரும் வரக்கூடாதுன்னு சொல்லியனுப்பினாயே, பூவாயி! உன் சேதி கேட்கத் தினம் ஒரு மீன் கொடுத்தேன்."

"யாருக்கு?"

"மூக்காண்டிக்குத்தான்."

இவ்வளவு பக்கத்திலா இருந்தோம் என்று இரண்டும் அழுதன. அதற்குப் பிறகு மூக்காண்டி குட்டைக்கும் ஏரிக்குமாகப் பறந்து பார்த்தது. ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்தவர் ஏக்கத்தில் குளிர்காய்கிறவன், அந்த ஏக்கம் தீருகிற நாளில் நடுங்கித்தான் ஆகவேண்டும்.