நாலு குட்டிக்கு ஒரு கூடை

ஒரு காட்டில் குட்டிகளெல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தன. பள்ளிக்கூடமோ அந்தப் பக்கம் இருந்தது. மழைக்காலம் வந்தால் படிப்பு அவ்வளவுதான்.

அங்கே இருந்த எருமைக்கு இது பொறுக்கவில்லை. "எனக்கு நீந்தத் தெரியும். முதுகும் அகலம். நானே தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன். மாதம் ஆளுக்கு ஒரு படி சோளம் போதும்" என்று முடிவு செய்தது.

வெறும் முதுகில் குட்டிகள் வழுக்கும். கூடை வேண்டும். தூக்கணாங்குருவி பின்னித் தருகிறேன் என்றது. ஆனால் கூலிச் சோளத்தை முன்னாலேயே கேட்டது. எருமையிடம் ஒரு மணிகூட இல்லை.

அது பெருச்சாளியிடம் கடன் கேட்டுப் போனது. பெருச்சாளியின் வளை முழுக்கச் சோளம்.

"தருகிறேன். கூடையில் எத்தனை பேர்?"

"நாலு பேர், அண்ணே."

"நாலா? என் சோளம் எந்தக் காலத்தில் திரும்பி வரும்? எட்டுப் பேரை ஏற்று."

"கூடை கவிழ்ந்துவிடுமே!"

"நெருக்கி உட்கார வை. வாலையெல்லாம் வெளியே தொங்கவிடு. குளிராமலும் இருக்கும்."

பக்கத்தில் நின்ற ஆடு எருமையை இடித்தது. "வாங்கிக்கொள், அக்கா! முதலில் தொழிலைத் தொடங்கு. ஆளை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்."

எருமை அசையவில்லை. "எட்டுப் பேர்தானே? முதல் நாள் உங்கள் குட்டியையும் ஏற்றிவிடுங்கள், அண்ணே."

"என் குட்டியா? அதற்குச் சளி."

"சளி சரியாகட்டும். காத்திருக்கிறேன்."

"அது ரொம்பச் சின்னது, அம்மா! அந்த நெரிசலில் நசுங்கிப் போய்விடும்!"

சொன்ன பிறகுதான் பெருச்சாளி வாயைப் பொத்தியது.

இதைக் கேட்டு வழியில் நின்ற தாய் முயல் விடவில்லை. "என் குட்டியை மட்டும் இரும்பிலா செய்திருக்கிறது?"

"உங்கள் சோளம் வேண்டாம்" என்று எருமை திரும்பி நடந்தது. நேரே தாய்மார்களைக் கூப்பிட்டது. "முதல் மாதச் சோளத்தை இப்போதே தருவீர்களா? ஒரு நடைக்கு நாலு பேர்தான். மற்றவர்கள் அடுத்த நடையில் வரட்டும்."

"வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால்?" என்றது ஆடு.

"எருமை ஓடி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?" என்றது முயல். எல்லாரும் சிரித்தார்கள். முதல் படியை முயலே கொட்டியது. கடைசியில் ஆடும் முனகிக்கொண்டே கொட்டியது.

கூடை தயாரானது. ஆற்றில் நல்ல வெள்ளம். நடு ஆற்றில் ஓர் அலை எருமையின் முகத்தில் அறைந்தது. கூடை ஆடியது, கவிழவில்லை. நாலு குட்டிகளையும் இறக்கிவிட்டு எருமை திரும்பி வந்தது. கால்கள் கடுத்தன. கரையில் இன்னும் குட்டிகள் நின்றன.

"இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து ஏற்று, சீக்கிரம் முடியும்" என்றது ஆடு.

"நாலு" என்றது எருமை. மறுபடியும் தண்ணீரில் இறங்கியது.

நீதி: உன் பிள்ளையை ஏற்ற மனம் வராத வண்டியில் அடுத்தவர் பிள்ளையை ஏற்றாதே.