காய்ச்சலுக்கு மருந்துப் பயம் விட்டுப்போன கதை

செடிகொடிக்கும் வாய் உண்டு, நோய்க்கிருமிக்கும் வாய் உண்டு என்றிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். தேனெடுக்கப் போன அவள் புருஷன் வேடப்பனின் காலைப் பாறை கிழித்துவிட்டது. புண் சீழ் கோத்தது. காய்ச்சலில் அவன் பிதற்ற ஆரம்பித்தான்.

சிலம்பாயி காட்டுக்கு ஓடினாள். பாறை இடுக்கில் நின்ற செந்தண்டுச் செடி அவள் அழுவதைப் பார்த்தது.

"என்னைப் பிடுங்கிக்கொள். ஆனால் சாறு முழுவதையும் அவனுக்கே கொடு. ஒரு கிருமி தப்பினாலும் அது என்னை அடையாளம் கண்டுகொள்ளும்" என்றது.

பாதிச் சாறு இறங்கியதுமே காய்ச்சல் தணிந்தது. வேடப்பன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். சிலம்பாயி கலயத்தைப் பார்த்தாள். தங்கை மருதாயி நிறைமாதமாய் அந்த வீட்டில்தான் இருந்தாள். அவர்களைப் பெற்றவள் பிரசவக் காய்ச்சலில் போனவள்.

"மிச்சத்தையும் குடிச்சிரட்டுமா?" என்றான் வேடப்பன்.

"உனக்குத்தான் தேவலையாயிடுச்சே மாமா. இது மருதாயிக்கு இருக்கட்டும்."

கலயத்தின் வாயைத் துணியால் கட்டி வைத்தாள்.

புண்ணின் ஆழத்தில் ஒரு கிருமி குற்றுயிராய்க் கிடந்தது. சாறு அதற்குப் பழகிவிட்டிருந்தது. அது பிழைத்தது, பெருகியது. புருஷனின் புண்ணைத் துடைத்துவந்த கைகளாலேயே சிலம்பாயி தங்கைக்குப் பிள்ளை எடுத்தாள்.

பெண் குழந்தை. அடுத்து மருதாயிக்குக் காய்ச்சல் கண்டது.

"அக்கா, உடம்பெல்லாம் எரியுதே!"

"பயப்படாதே தாயி, மருந்து வச்சிருக்கேன்." கலயத்துச் சாற்றைச் சொட்டு விடாமல் புகட்டினாள். காய்ச்சல் இம்மியும் இறங்கவில்லை.

மருதாயியின் உடம்புக்குள்ளிருந்து கிருமி பேசியது. "ஏன் வீணாக ஊற்றுகிறாய்? உன் புருஷன் காலிலேயே இதைக் குடித்துப் பழகியவர்கள் நாங்கள்."

சிலம்பாயி மறுபடி காட்டுக்கு ஓடி, இன்னொரு செந்தண்டின் முன் விழுந்தாள்.

"என்னைப் பிடுங்கி என்ன செய்வாய்? அவற்றுக்கு இப்போது எங்களைத் தெரியும்" என்றது செடி.

"அவளுக்காகத்தானே எடுத்து வச்சேன்!"

அவள் வெறுங்கையோடு திரும்பியபோது மருதாயி மூச்சடங்கிக் கண்மூடியிருந்தாள். குழந்தை தாயின் மார்பைத் தேடி அழுதுகொண்டிருந்தது. சிலம்பாயி அதைத் தூக்கக் கை நீட்டினாள். பிறகு தன் கைகளைப் பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்த நாளிலிருந்துதான், ஒருவர் உடம்பில் அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமி, இன்னொருவர் உடம்பில் அதே மருந்துக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.