கரும்பாறையின் எடை

"மேடம், நான் கீழ போறேன். இனிமே மேல வரமாட்டேன்."

தேவசகாயம் தோள்பையைக் கழற்றாமலே சொன்னார்.

அந்த மலைமேல் வானாய்வகத்தில் குழல்வாய்மொழிதான் குரு. சீடரான தேவசகாயம் அவரைவிட மூத்தவர். தலையெல்லாம் நரை.

"ஏன் சார்?"

"ஓஞ்சு போயிட்டேன். வருஷக்கணக்கா உங்களையே சுத்திக்கிட்டு இருக்கேன். நான்னு ஒருத்தன் இருக்கறது இங்க யாருக்குத் தெரியும்?"



சமாதானம் சொல்கிற பழக்கம் குருவுக்குக் கிடையாது. கணினித் திரையைச் சகாயத்தின் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே திரியும் பெரிய சிறுகோள் ஒன்று. கரியாய்க் கறுத்த பாறை. படத்தில் மட்டும் வெளிச்சப் பொட்டாகத் தெரிந்தது.

"இதோட எடை என்ன?"

"அதை எப்படிச் சொல்றது? தராசுலயா வைக்க முடியும்?" சகாயத்துக்கு எரிச்சலாக வந்தது.

"இது நீங்க துடைச்ச படம். துடைக்காதது இதோ."

அதில் பொட்டின் ஓரமாக மங்கலாக ஒரு புள்ளி.

படங்களில் தூசும் சிதறலும் நீக்குவது சகாயத்தின் வேலை. கை தன்பாட்டுக்குச் செய்துவிடும்.

"அழுக்குன்னு எடுத்துட்டேன் மேடம்."

"அடுத்ததைப் பாருங்க."

புள்ளி இடம் மாறியிருந்தது. அதற்கும் அடுத்ததில் மறுபக்கம் போயிருந்தது.

பாறைக்கு ஒரு குட்டி நிலா இருந்தது. பாவம், அதைத்தான் இவர் விடாமல் துடைத்துப் போட்டிருக்கிறார்.

பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நிலா எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் பாறையின் எடை வந்துவிடும். வந்தது. நம்ப முடியாமல் மறுபடி கணக்குப் போட்டார். அதே விடைதான்.

"இவ்வளவு பெரிசுக்கு எடை ரொம்பக் குறைச்சல் மேடம். உள்ள பாதி வெறும் பொந்து. உடைஞ்ச கல்லெல்லாம் ஏதோ ஒண்ணா ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஆமா." குருவின் குரல் களைத்திருந்தது. "தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு முழுப் பாறைதான்."

சகாயம் அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காலையில் வந்த இட்லிப் பொட்டலம் மேசையில் பிரிக்காமலே கிடந்தது.

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"உங்க பஸ் சார். கிளம்புங்க," என்றார் குரு. "போகும்போது அந்தப் புள்ளியைத் துடைச்சிட்டுப் போங்க."

சகாயத்தின் விரல் அழிக்கும் விசைவரைக்கும் போனது. திரும்பி வந்தது.

"நாளைக்கும் பஸ் வரும் மேடம்."