நெஞ்சுக்கு நேரே ஒரு சாண்

"கல்லுக்குள்ளே யாரோ செதுக்குறாங்கம்மா."

சடையாண்டி இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது.

மரகதம் உலையிலிருந்து உளியை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். அது சீறி அடங்கியது.

"எந்தக் கல்லு?"

"என் கல்லுதான்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் குரு மரகதம், சிஷ்யர் சடையாண்டி. குருவுக்கு நாற்பது வயது, சிஷ்யருக்கு அறுபத்தொன்று. தாடி வைத்தவர்தான் குருவாக இருக்க வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். தாடி சிஷ்யரிடம் இருந்தது.

மரகதம் சிற்பப் பட்டறை நடத்துகிறவள். எட்டு வருஷத்துக்கு முன்னால், குவாரியில் பாறைக்குத் துளை போடுகிற வேலையை விட்டுவிட்டு, அவள் வாசலில் வந்து நின்றவர் சடையாண்டி. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் அண்ணேதான்.

அந்த வருஷம் மலையடிவாரத் திடலில் பெரிய சிலைக் கண்காட்சி. கூரை கிடையாது, சுவர் கிடையாது. பதினோரு சிற்பிகள், ஆளுக்கொரு கருங்கல், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். மெஷின் கூடாது, கை உளிதான். நாற்பது நாளில் முடித்தாக வேண்டும்.

அன்று முப்பத்தெட்டாம் நாள் காலை.

"எத்தனை நாளா கேக்குது?"

"இருபது நாளா. நான் ஒரு அடி அடிச்சா, உள்ளேருந்து ஒரு அடி. சரியா நெஞ்சுக்கு நேரே."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி எனக்குத் தெரியாதாம்மா? முப்பது வருஷம் பாறையில கெடந்தவன். எதிரொலி நம்ம அடியைத்தான் திருப்பிக் குடுக்கும். இது வேற கை. எளசான கை. அவசர அவசரமா அடிக்குது."

மரகதம் உளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சத்தம் வந்த பக்கமாத் தோண்டிக்கிட்டே போறேன்."

"அட கடவுளே" என்று எழுந்தாள்.

இருவரும் திடலுக்கு நடந்தார்கள்.

சிலைகள் எல்லாம் அநேகமாக முடிந்திருந்தன. உட்கார்ந்த யானை. தண்ணீர் சேந்துகிற பெண். ஆளே இல்லாத ஒற்றைப் பாதம், அதுவும் பதினோரு அடி. யானை செய்தவர் தன் பந்தலைப் பிரித்து, சடையாண்டியின் கல்லை விட்டு இருபதடி தள்ளிப் போட்டிருந்தார். ஏன் என்று மரகதம் கேட்டதற்கு, "இங்க வெயில் ஜாஸ்தி" என்றார். அவர் புதிதாகப் பந்தல் போட்ட இடத்தில்தான் வெயில் ஜாஸ்தி.

கடைசியில், சுற்றிலும் சாரம் கட்டி நின்றது சடையாண்டியின் கல்.

பத்தொன்பது வயதுப் பையன். அவருடைய மகன் பேச்சிமுத்து. முகம் முடிந்திருந்தது, தோள் முடிந்திருந்தது, கால்கள் முடிந்திருந்தன. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குகை. மனுஷன் தலையும் கையும் நுழைகிற குகை.

மண் சிலை என்றால் கொஞ்சம் மண்ணை எடுத்து அப்பிவிடலாம். கருங்கல்லில் எடுத்தது எடுத்ததுதான். நெஞ்சு இன்னும் மெலிந்தால் தலையும் தோளும் அப்படியே இறங்கும். நேர் கீழே நின்று உளி அடிக்கிறவர் சடையாண்டி. கண்காட்சிக்காரர்கள் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். யார் கேட்கிறார்கள்?

மரகதம் சிலையின் முதுகுப் பக்கம் போனாள். அந்தப் பக்கம் இன்னும் உளி படவில்லை. பாறையிலிருந்து பிளந்து வந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது.

சிற்பிகள் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கருங்கல் மணி மாதிரி கணீரென்று பேசும். அவள் சுத்தியலால் கீழிருந்து தட்டிக்கொண்டே சாரத்தில் ஏறினாள். கணீர். கணீர். கணீர். நெஞ்சுக்கு நேரே வந்ததும் காலிப் பானையைத் தட்டினதுபோல் கேட்டது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் பானைதான்.

கையால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஓர் ஊசித் துவாரம் இல்லை.

"உள்ளே குடைஞ்சிருக்குண்ணே" என்றாள்.

சடையாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

"அப்ப இருக்கான். என் புள்ள உள்ளே இருக்கான்."

"இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"நான் வேலை பார்த்த அந்தக் குவாரியிலேருந்துதான். நான்தான் கேட்டு வாங்கினேன்."

அந்தக் குவாரியில், வேலை நின்றுபோன ஒரு பழைய குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பேச்சிமுத்து அதில்தான் குளிக்க இறங்கினான். மேலே வரவில்லை. மூன்று நாள் கயிறு விட்டுத் தேடினார்கள். தண்ணீரின் ஆழம் யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவும் மரகதத்துக்கு முன்பே தெரியும். தெரியாததை அவர் இப்போது சொன்னார்.

"மூணாம் நாள் சாயங்காலம் எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான்தாம்மா சொன்னேன், விட்டுடுங்கன்னு. என் வாயாலதான் சொன்னேன்."

மரகதம் சிலையின் முன்பக்கம் வந்தாள்.

"இப்ப நான் உளியை வச்சா, அப்பன் மறுபடியும் விட்டுட்டுப் போயிட்டான்னு நெனைச்சுக்குவானே. அதான் நிறுத்துறதில்ல. உங்களைக் கூப்பிட வந்த இந்தக் கொஞ்ச நேரந்தான்."

"சாப்பிட?"

"ஒரு கையால சாப்பிடுவேன். இன்னொரு கையால சுத்தியலைத் தட்டிக்கிட்டே இருப்பேன்."

"தூக்கம்?"

"அடிச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன்."

பொய்யில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. விரல்கள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. போன மாசம் ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒரு ரேகை விழவில்லை. மெஷினைப் பொறுத்தவரை சடையாண்டி என்று ஓர் ஆளே கிடையாது.

மரகதம் குகைக்குள் கையை விட்டு அளந்தாள். பின்னால் போய்த் தட்டித் தட்டி அளந்தாள். மனசுக்குள் கழித்துப் பார்த்தாள்.

"உங்க குழிக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல ஒரு சாண் கல்லு இருக்கு."

"ஒரு சாண்தானே! பொழுது சாயறதுக்குள்ள அவன் கையைப் பிடிச்சிருவேன்." அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்தார். "நீங்க என் குரு. நீங்க சொல்லுங்க. அடிக்கவா, வேண்டாமா?"

ஒரு குரு இதற்கு என்ன சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் ஏன் கதை சொல்லிக்கொண்டு திரிகிறேன்?

"அடிங்க" என்றாள் மரகதம். "நான் காது வைக்கிறேன்."

முதுகுப் பக்கச் சாரத்தில் ஏறிக் கல்லோடு காதை ஒட்டினாள். இன்னும் வெயில் ஏறவில்லை. திடலில் மற்ற கற்கள் எல்லாம் சில்லென்று இருந்தன. இது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

சடையாண்டி அடித்தார். டக்.

உள்ளே, டக்.

அடித்தார். டக்.

டக்.

யானை செய்தவர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது."

"என்ன கேக்குது?"

"மூச்சு வாங்குது."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

டக். டக்.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்காண்ணே" என்றாள் மரகதம், கண்ணை மூடியபடி. "கை நடுங்குது. அடி ஒரு இடத்துல விழ மாட்டேங்குது. இருந்தாலும் விட மாட்டேங்குறான்."

"ஏன்? ஏன் விட மாட்டேங்குறான்? கொஞ்சம் உக்கார வேண்டியதுதானே?"

"நீங்க ஏன் உக்காரலே?"

"நான் எப்படி உக்கார முடியும்? நான் நிறுத்தினா, அப்பன் என்னை விட்டுட்டுப் போயிட்டான்னு அவன்..."

பாதியில் நின்றார்.

உளி கல்லைத் தொட்டபடி அப்படியே இருந்தது. சுத்தியல் மேலே தூக்கினபடி இருந்தது.

மகனுடைய கல் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, முதலில் சுத்தியலையும் அப்புறம் உளியையும் சாரப் பலகையில் வைத்தார்.

உள்ளே ஒரு அடி விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, ரொம்ப மெதுவாக. கேட்டுப் பார்க்கிற அடி.

சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டார். கையைத் தூக்கவில்லை.

அப்புறம் அந்தக் கருங்கல்லுக்குள் இரும்பு எதையோ யாரோ பத்திரமாகக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

மரகதம் காதை எடுத்தாள்.

"அவனும் உக்காந்துட்டாண்ணே."