பதினோராவது எல்லைக்கல்

ஏரி மடையைத் திறந்து மூடும் காவல்காரி பூவாத்தாளை, ஈரநில நாள் கொண்டாடணும் என்று பேரூராட்சித் தலைவர் குழந்தைவேலு கூப்பிட்டனுப்பினார். ஏரிப்பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷனுக்குத் திடீரென்று ஈரநில நாள் மேல் என்ன பாசம்?

"ஏரி குளத்துக்குன்னு ஒரு நாள் இருக்கு. இந்த ஊர்ல ஒரு காக்காய்க்கும் தெரியல. நாளைக்குக் கலெக்டர் வர்றார். ஊரே திரளணும். இல்லேன்னா மடைச்சாவியை வச்சுட்டு நடையைக் கட்டு."

வேலைக்கு உலை வைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திரட்டிடலாங்கய்யா. ஏரியோட எல்லைக்கல்லு ஒண்ணு விடாம பொங்கல் படைக்கலாம். பொங்கல்னா ஊரு வரும். ஆனா வாய்ப்பேச்சு வேணாம், நோட்டீஸ்ல கையெழுத்துப் போடுங்க."

"கல்லுக்குப் பொங்கலா? உன் புத்தி எங்க போகும்!" சிரித்துக்கொண்டே போட்டார்.

மறுநாள் கலெக்டர் முன்னே, ஊர் பின்னே. பத்துக் கல்லுக்கும் படைத்தாயிற்று. முப்பது வருஷமாகக் கல்லெண்ணி நடந்த பூவாத்தாள், அடுத்து தலைவரின் புதுக் கல்யாண மண்டபத்து வாசலில் பானையை இறக்கினாள்.

"கதவைத் திறங்கய்யா. பதினோராவது உள்ள இருக்கு."

"யாருடி சொன்னது?"

"ஒண்ணு விடக்கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

கலெக்டர் சமையல்கட்டுக்குள் போனார். கல்லின் மேல் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

மடைச்சாவி பூவாத்தாள் இடுப்பிலேயே இருக்கிறது. ஈரநில நாள் எதுவென்று கேட்டால், மண்டபம் மாட்டிக்கொண்ட நாள் என்று அந்த ஊரில் பச்சைப்பிள்ளையும் சொல்லும்.