சும்மா வராத வக்கீல்

இசக்கியம்மாளிடம் வக்கீல் வைக்கக் காசில்லை, வாய் இருந்தது. பிள்ளைக்கு ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு, குடும்பநல கோர்ட்டில் அவளே நின்றாள். புருஷன் துரைப்பாண்டிக்காகக் காரில் வந்து இறங்கியவர் பெரிய வக்கீல் வேதாசலம்.

“என் கட்சிக்காரர் கையில் சல்லிக்காசு கிடையாது!” என்று முழங்கினார்.

இசக்கியம்மாள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். “அதான் இரக்கப்பட்டு நீங்க சும்மாவே வந்திருக்கியளோ, ஐயா?”

வேதாசலத்துக்கு மீசை துடித்தது. “சும்மாவா? முழு ஃபீஸையும் வாங்காமல் நான் கோர்ட் படி ஏறினதே இல்லை!”

துரைப்பாண்டி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். சொன்னது சொன்னதுதான்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அந்தம்மாவும் வக்கீல் வைக்கட்டும். அந்த ஃபீஸையும் உங்கள் கட்சிக்காரரே கட்டுவார்.”

“அப்படின்னா, இவரையே எனக்கு வக்கீலாப் போட்டுருங்க ஐயா,” என்றாள் இசக்கியம்மாள். “உண்மையப் பட்டுனு சொல்லுதாரு.”