தாழையூரில் மணி ஒலிக்கவில்லை

“அடிகளே, இவனைக் கொல்வது பாவமா?”

சேந்தன் வணங்கவும் மறந்து கேட்டான். அவனுக்குப் பின்னால், கைகள் கட்டப்பட்ட மெலிந்த மனிதன் ஒருவன் மண்ணில் அமர்ந்திருந்தான். கயிற்றின் மறுமுனை கொற்றன் என்னும் வீரனிடம் இருந்தது.

அடிகள் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

“யார் இவர்?”

“நல்லான். தாழையூர்க் கோயிலில் மணி அடிப்பவன்.”

“அடிக்காதவன் என்று சொல்லுங்கள், தலைவரே,” என்றான் கொற்றன். “மணிக் கயிற்றை இழுக்கச் சொன்னோம். எங்கள் கழுத்துக் கயிற்றை இழுத்துவிட்டான்.”

அடிகள் சேந்தனைப் பார்த்தார். சேந்தன் நடந்ததைச் சொன்னான்.

அரசர் மறைந்ததும் அமைச்சர் இளவரசரைச் சிறை வைத்தார், அவையைக் கலைத்தார், தம் பெயரிலேயே ஆணைகள் பிறப்பித்தார். அவருக்கு எதிராக மூன்று ஊர்களின் கோட்டைப் படைகளும் ஒரே வேளையில் கிளம்புவதென்று சேந்தன் ஏற்பாடு செய்தான். ஓலை அனுப்பினால் அகப்படும். ஆகவே, அந்திப் பூசையின் மணியையே அடையாளமாக வைத்தான். எந்த ஒற்றன் கேட்டாலும் அது பூசை மணியாகவே படும்.

இரண்டு ஊர்களில் மணி ஒலித்தது. வீரர்கள் கிளம்பினார்கள்.

தாழையூரில் ஒலிக்கவில்லை. தலைநகரின் வாயிலைத் திறக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வாளின்மேல் கை வைத்தபடி, வராத ஒலிக்காகக் காத்திருந்தார்கள். பொழுது விடிந்தபோது மற்ற இரண்டு கோட்டைகளும் எரிந்துகொண்டிருந்தன.

“ஏன் ஒலிக்கவில்லை?” என்றார் அடிகள்.

“தெருவில் ஒரு சாவு. சவத்தை எடுக்கும்வரை கோயிலில் மணி அடிக்கக் கூடாது என்று இருந்துவிட்டான்.”

“அந்த வழக்கம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும். எல்லா ஊரிலும் உள்ளதுதான்.” சேந்தன் குரலைத் தாழ்த்தினான். “அன்றைக்கு ஒருவர் சாவார் என்று நான் நினைக்கவில்லை.”

அடிகள் பானையிலிருந்து ஒரு கலயத்தில் கஞ்சியை ஊற்றினார்.

“மலையில் ஒளிந்திருக்கும் என் ஆட்கள் இவன் தலையைக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் இனி ஒருவரும் என் பின்னால் வரமாட்டார்கள். ஆனாலும் தங்களைக் கேளாமல் எனக்குக் கை எழவில்லை.”

“இவர் சாப்பிட்டாரா?”

“இல்லை.”

“கட்டை அவிழ்த்துவிடு. சாப்பிடட்டும்.”

“அவிழ்த்தால் ஓடிவிடுவான்,” என்றான் கொற்றன்.

“அப்படியானால் நீ ஊட்டு.” அடிகள் கஞ்சிக் கலயத்தைச் சேந்தனிடம் நீட்டினார். “கலயம் காலியானதும் பதில் சொல்கிறேன்.”

கொற்றன் சிரித்தான். “வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுவதுதானே, தலைவரே. காட்டுங்கள்.”

சேந்தன் நல்லானின் எதிரே குந்தினான். கஞ்சி சுட்டது. ஒரு கரண்டி எடுத்து, ஊதி, அவன் வாயருகே கொண்டுபோனான். ஊதியது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

“இறந்தது யார்?” என்று கேட்டான். அதுவரை அதைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

“ஒரு குழந்தை, ஐயா. பூ விற்கிற செல்லியின் குழந்தை. இன்னும் பேர்கூட வைக்கவில்லை.”

“மணி எதற்கென்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும், ஐயா. உங்கள் ஆள் முன்பே வந்து சொல்லியிருந்தார்.”

கரண்டி நின்றது. “தெரிந்துமா?”

“அந்திக்குள் எடுத்துவிடுவார்களா என்று கேட்கத்தான் செல்லியின் வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. குடிக்குமா என்று மார்பை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, ஐயா. திரும்பிவிட்டேன்.”

“ஒரு கைக்குழந்தைக்கு இரண்டு கோட்டைகள்,” என்றான் கொற்றன்.

“ஆமாம், ஐயா,” என்றான் நல்லான். அவன் எதையும் மறுக்கவில்லை.

சேந்தன் அடுத்த கரண்டியை எடுத்தான். அப்போதுதான் நல்லானின் தோளில் பிரம்புத் தழும்புகள் தெரிந்தன.

“எங்கள் ஆட்கள் அடித்தார்களா?”

“இல்லை, ஐயா. அமைச்சரின் ஆட்கள்.”

“அவர்களுக்கு நன்மைதானே செய்தாய்?”

“மணி அடிக்கச் சொன்னார்கள். ஊர் வழக்கம்போல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம். தெருவில் சவம் கிடக்கும்போது எப்படி அடிப்பேன்?”

“குழந்தையை இன்னுமா எடுக்கவில்லை?”

“அதை மறுநாள் காலையே எடுத்தாயிற்று. இது வேறு, ஐயா. ஒரு வீரர். மணி ஏன் ஒலிக்கவில்லை என்று விசாரிக்க வந்தார். நான் செல்லியின் வீட்டைக் காட்டினேன். வாசலில் நின்று தலைப்பாகையைக் கழற்றினார். குழந்தையைத் தூக்க அந்த வீட்டில் ஆண்கள் யாருமில்லை. அவரே கைகளில் வாங்கி இடுகாடுவரை கொண்டுபோனார். திரும்பும்போது அமைச்சரின் ஆட்கள் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அவருக்கு ஒரு காது பாதிதான். தலைப்பாகை இல்லாததால் அடையாளம் தெரிந்துவிட்டது.”

வழுதி.

அவனை அனுப்பியவன் சேந்தன்தான். திரும்பி வராதபோது, ஓடிவிட்டான் என்றான் கொற்றன். சேந்தனும் அதை நம்பினான்.

கொற்றனின் முகத்திலிருந்த சிரிப்பைக் காணவில்லை.

“கோயில் தெருவிலேயே கிடத்தியிருக்கிறார்கள்,” என்றான் நல்லான். “எடுக்க வருகிறவரையும் பிடிப்பார்களாம். ஒருவரும் வரவில்லை. காக்கை அண்டாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், நேற்று, இந்த ஐயா என்னைப் பிடித்துவிட்டார்.”

“இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?”

“செல்லி இருக்கிறாள், ஐயா. நான் வரும்வரை பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.”

சேந்தன் மிச்சக் கஞ்சியையும் ஊட்டினான். நெடுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு கரண்டியையும் ஊதினான்.

கலயம் காலியானது.

“உன் கேள்வி என்ன?” என்றார் அடிகள்.

சேந்தன் கலயத்தைக் கீழே வைத்தான். நல்லானின் கைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தான்.

“தலைவரே, மலையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது?” என்றான் கொற்றன்.

சேந்தன் நல்லானிடம் கேட்டான்: “பாடை தூக்க எத்தனை பேர் வேண்டும்?”

“நான்கு பேர், ஐயா.”

“நாம் இருவர்.”

“மூவர்,” என்றார் அடிகள்.

“துறவிகள் சவத்தைத் தொடுவதில்லையே, அடிகளே.”

அடிகள் அடுப்பில் நீர் தெளித்துத் தணலை அணைத்தார். “வெயில் ஏறுவதற்குள் நடப்போம்,” என்றார்.

மூவரும் குடிலின் படல் கதவைத் தாண்டினார்கள்.

பின்னாலிருந்து கொற்றனின் குரல் கேட்டது. அதில் பழைய எகத்தாளம் இல்லை.

“அடிகளே, வாளை இங்கேயே வைத்துவிட்டு வரலாமா?”